19ஆம் நூற்றாண்டு நாவல்களும் தமிழ்த் திரையும்

19ஆம் நூற்றாண்டின் பெரிய நாவல்களில் பல, நூலாக வருவதற்கு முன்பே பத்திரிகைத் தொடராக வாசகர் கைக்குப் போனவை. அலெக்சாந்தர் துமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ’ 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் வந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்கள் மாத வெளியீடுகளாகவும் வார இதழ்த் தொடர்களாகவும் வந்தன. டால்ஸ்டாயின் ‘அன்னா கரீனினா’ 1875 முதல் 1877 வரை ரஷ்ய மாத இதழில் தொடராக ஓடியது. அடுத்த இதழையும் வாசகன் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும் என்ற நெருக்கடி இந்த எழுத்தாளர்களின் தலைமேல் எப்போதும் இருந்தது. ஆள் மாறாட்டம், காணாமற்போன குழந்தை, சிறையிலிருந்து தப்புதல், பல ஆண்டு கழித்து வந்து சேரும் பழி என்று அவர்கள் கையாண்ட உத்திகள், பின்னால் சினிமா பிறந்தபோது அதற்கென்றே செய்துவைத்தவை போலப் பொருந்தின.

தமிழ் சினிமா இந்தக் கதைகளை இரண்டு வழிகளில் பெற்றது. நூலைப் படித்து எடுத்தவை ஒரு சில. ஹாலிவுட் படத்தைப் பார்த்து எடுத்தவை அதிகம். எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தே நாவலில் எவ்வளவு படத்தில் மிஞ்சியது என்பதும் அமைந்தது.

திரைக்கு முன்பே அச்சில் இந்த வரத்து தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மலிவுப் பதிப்பு நாவலாசிரியரான ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸுக்குத் தம் சொந்த நாட்டை விட இந்தியாவில் மதிப்பு அதிகம். ஆங்கிலம் படித்த குமாஸ்தாக்களும் வக்கீல்களும் அவரை விழுந்து விழுந்து படித்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் போன்றோர் இத்தகைய ஆங்கில நாவல்களைத் தழுவியும் அவற்றின் பாணியில் சொந்தமாகவும் எழுதிக் குவித்தனர். வடுவூராரின் ‘மேனகா’ 1935இலும் ‘திகம்பர சாமியார்’ 1950இலும் படங்களாயின. ஆக, மர்ம மாளிகையும் மாறுவேடமும் கொண்ட கதை தமிழ் ரசிகனுக்கு ஏற்கனவே பழகிப்போயிருந்தது. மவுண்ட் ரோடு தியேட்டர்களில் ஓடிய ஆங்கிலப் படங்கள் அந்தப் பழக்கத்துக்குத் தீனி போட்டன.

துமாவின் கதைகளில் தமிழ்த் திரைக்கு முதலில் வந்தது இரும்பு முகமூடிக் கைதியின் கதை. 1847 முதல் 1850 வரை தொடராக வந்த ‘பிராஜலோன் விகோம்தே’ என்ற மிக நீண்ட நாவலின் கடைசிப் பகுதி அது. பதினான்காம் லூயி காலத்தில் பெயர் தெரியாத கைதி ஒருவன் முகத்தை மூடிய நிலையில் சிறைவைக்கப்பட்டு, 1703இல் பாஸ்டில் சிறையில் இறந்தான் என்பது வரலாறு. அவன் மன்னனின் உடன்பிறப்பு என்ற ஊகத்தைப் பரப்பியவர்களுள் வோல்டேர் முக்கியமானவர். துமா அந்தக் கைதியை மன்னனின் இரட்டைச் சகோதரன் பிலிப் ஆக்கினார். நாவலில் மன்னனை அகற்றிவிட்டு பிலிப்பை அரியணையில் அமர்த்தும் சதி ஓர் இரவில் வென்று மறுநாளே தோற்றுப்போகிறது. குற்றமற்ற பிலிப் முகமூடியோடு சிறைக்குப் போகிறான். கெட்ட மன்னன் அரியணையில் நீடிக்கிறான்.

இந்த முடிவை ஹாலிவுட் பொறுத்துக்கொள்ளவில்லை. 1939இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தில் நல்ல சகோதரன் வென்று, கெட்டவன் ஒழிகிறான். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அந்தப் படத்தின் வழியே சென்று 1940இல் ‘உத்தம புத்திரன்’ எடுத்தார். இரட்டை வேடமேற்றவர் பி. யூ. சின்னப்பா. தமிழில் ஒரே நடிகர் இரட்டை வேடத்தில் தோன்றிய முதல் படமாக இதையே குறிப்பிடுவர். அரண்மனையில் வளரும் கெட்டவன், குடிசையில் வளரும் நல்லவன், குழந்தைப் பருவத்திலேயே இருவரையும் பிரித்துவைக்கும் சூழ்ச்சிக்காரன் என்ற அமைப்பு அன்று முதல் தமிழ் சினிமாவின் சொந்தச் சொத்தாகிவிட்டது. 1958இல் வீனஸ் பிக்சர்ஸ் தயாரிப்பில் சிவாஜி கணேசன் இரட்டை வேடத்தில் நடிக்க, அதே பெயரில் அது மீண்டும் வந்தது. 2006இல் சிம்புதேவன் இயக்கிய ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ அதே கதையை வடிவேலுவை வைத்துக் கேலி செய்தது. தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்த பலருக்கு, ஒரு பிரெஞ்சு நாவலின் கடைசிப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்திருக்காது.

1958ஆம் ஆண்டைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ‘உத்தம புத்திரன்’ கதையை எடுக்க எம்.ஜி.ஆரும் எண்ணியிருந்தார், சிவாஜி படம் அறிவிக்கப்பட்டதும் அதைக் கைவிட்டு ‘நாடோடி மன்ன’னில் இறங்கினார் என்பது சினிமா உலகில் பலரும் அறிந்த செய்தி. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’, ஆண்டனி ஹோப் 1894இல் எழுதிய ‘செண்டா கைதி’யின் சாயலைக் கொண்டது. ஜெமினி ஸ்டுடியோவின் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னும் அதே ஆண்டுப் படம்தான். அதில் மாண்டி கிறிஸ்டோவின் சாயல் உண்டென்று சினிமா வரலாறு எழுதியோர் சொல்வர். ஒரே ஆண்டில் மூன்று பெரிய படங்கள், மூன்றிலும் 19ஆம் நூற்றாண்டு நாவலின் ரேகை.

இவற்றுள் ‘நாடோடி மன்னன்’ செய்த மாற்றம் ஆழமானது. ஹோப்பின் நாவலில் ரூரிட்டானியா என்ற கற்பனை நாட்டுக்கு உல்லாசப் பயணம் போகும் ஆங்கிலேயன் ஒருவன், மன்னனை உரித்துவைத்தாற்போல் இருப்பதால் மன்னன் கடத்தப்பட்ட சமயத்தில் அவன் இடத்தில் உட்காருகிறான். அரியணையைப் பத்திரமாகக் காத்து உரியவனிடம் ஒப்படைப்பதோடு அவன் வேலை முடிந்தது. குடிமக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஓரிடத்திலும் அவன் கேட்பதில்லை. எம்.ஜி.ஆரின் வீராங்கனோ மன்னன் வேடத்தில் உட்கார்ந்ததும் சட்டம் போடத் தொடங்குகிறான். முடியாட்சியைப் பற்றிய சாகசக் கதை, முடியாட்சி வேண்டுமா என்று கேட்கும் அரசியல் படமாக மாறியது. மூலத்தை விட்டு விலகியே மூலத்தைத் தாண்டிப் போன அரிய எடுத்துக்காட்டு இது.

எல்லாத் தழுவல்களுக்கும் இந்த யோகம் வாய்க்கவில்லை. துமாவின் ‘கார்சிகச் சகோதரர்கள்’ இழந்தது அதிகம். 1844இல் வந்த இந்தச் சிறு நாவலை ஒரே உட்காரலில் படித்துவிடலாம். 1841 மார்ச்சில் கார்சிகாத் தீவில் பயணம் செய்யும் துமாவே கதைசொல்லி. சுல்லகாரோ என்ற மலைக் கிராமத்தில் ஒரு விதவைத் தாயின் வீட்டில் தங்குகிறார். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒட்டிப் பிறந்து அறுவையால் பிரிக்கப்பட்டவர்கள். லூசியன் ஊரிலேயே வேட்டையாடிக்கொண்டிருக்கிறான். லூயி பாரிசில் சட்டம் படிக்கிறான். ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவனுக்கும் வலிக்கும்.

அந்த ஊரில் பழிக்குப் பழி வாங்குவது வழிவழி வந்த வழக்கம். ஓர்லாந்தி, கொலோனா என்ற இரு குடும்பங்கள் பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கின்றன. தொடக்கம் ஒரு கோழி. ஒரு வீட்டுக் கோழி அடுத்த வீட்டுக்குள் போனது, திருப்பிக் கேட்டார்கள், வாய்ச் சண்டையானது, பிறகு துப்பாக்கி வெடித்தது. லூசியன் நடுவனாக இருந்து இரு தரப்பையும் சமாதானம் செய்துவைக்கும் காட்சியைத் துமா அவ்வளவு நகைச்சுவையோடும் அவ்வளவு பயத்தோடும் எழுதியிருக்கிறார். ஊர் கூடி நிற்க, கோழிக்கு ஈடாகக் கோழி கொடுக்கும் சடங்கு முடியும்வரை எந்த நேரத்தில் யார் சுடுவார் என்று தெரியாது. பின்பாதி பாரிசில் நடக்கிறது. ஒரு பெண்ணின் மானத்துக்காக லூயி துவந்த யுத்தத்தில் இறங்கிச் சாகிறான். யாரும் சொல்லி அனுப்பாமலே லூசியனுக்கு அது தெரிந்துவிடுகிறது. பாரிசுக்கு வருகிறான், கொன்றவனை அதே இடத்தில் கொல்கிறான், பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக அழுகிறான். கதை அவ்வளவுதான். இதில் சிம்மாசனமோ பறிபோன நாடோ கொடுங்கோலனோ கிடையாது.

1941இல் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் நடித்த ஹாலிவுட் படம் இதைத் தலைகீழாக்கியது. குடும்பத்தையே அழிக்கும் ஒரு கொடுங்கோலனைப் புதிதாகப் படைத்து, கோழிச் சண்டைக் குடும்பத்தின் கொலோனா என்ற பெயரை அவனுக்குச் சூட்டியது. ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) அந்தப் படத்தின் வழியில் போனது. ஆச்சார்யா இயக்கினார். எம். கே. ராதா இரட்டை வேடத்திலும் பானுமதி நாயகியாகவும் நடித்தனர். படம் பெரும் வெற்றி. இந்தியில் ‘நிஷான்’ என்ற பெயரிலும், தெலுங்கிலும் அதே கதையை ஜெமினி எடுத்தது. 1971இல் எம்.ஜி.ஆர். நடிக்க, ப. நீலகண்டன் இயக்கத்தில் ‘நீரும் நெருப்பும்’ என்று அது மீண்டும் வந்தது. வலியைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பிறப்புகள் என்ற ஒற்றை யோசனை தவிர, துமா எழுதிய எதுவும் இந்த வரிசையில் மிஞ்சவில்லை. கோழியும் ஊர்ச் சமாதானமும் போய்விட்டன. கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு குழம்பைக் கொட்டிய கதை இது. பழிக்குப் பழி வழக்கம் எப்படிப் பிறக்கிறது, அதை ஊர் எப்படி நிறுத்தப் பார்க்கிறது என்பது தமிழ் இயக்குநர்கள் நன்கறிந்த களம். மதுரை, தேனி வட்டாரத்தை வைத்து எடுத்த படங்களே அதற்குச் சாட்சி. துமா எழுதியபடியே இந்தச் சிறு நாவலைப் படமாக்கினால் அதற்கு அரண்மனை செட்டும் வேண்டாம், வாள் சண்டையும் வேண்டாம்.

விக்டர் யூகோ வந்த பாதை வேறு. ‘லே மிசராப்ல்’ 1862இல் ஐந்து பாகங்களாக வெளிவந்தது. மூன்றாம் நெப்போலியனை எதிர்த்து நாட்டை விட்டு வெளியேறிய யூகோ அப்போது கெர்ன்சித் தீவில் வசித்தார். ரொட்டி திருடியதற்காகவும், பின் தப்பியோட முயன்றதற்காகவும் 19 ஆண்டுகள் சிறையிலிருந்த ழான் வல்ழான், அவனை விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரி ழவேர், வெள்ளிச் சாமான்களைத் திருடியவனையே காப்பாற்றும் பிஷப் ஆகிய மூவரைச் சுற்றியே கதை நகர்கிறது. யோகி சுத்தானந்த பாரதியார் இதை ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழில் தந்தார். கோவை பக்ஷிராஜா ஸ்டுடியோ 1950இல் எடுத்த படமும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. கே. ராம்நாத் இயக்கம், இளங்கோவன் வசனம். கைதி கந்தனாக நாகையா நடித்தார். போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே நிலைத்துப்போய், வாழ்நாள் முழுதும் அவர் ஜாவர் சீதாராமன்தான். எழுத்தாளராகவும் வசனகர்த்தாவாகவும் பெயரெடுத்த பின்னும் யூகோவின் போலீஸ்காரர் அவர் பெயரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

தமிழில் ஏற்கனவே ஒரு நூல் இருந்தது என்பதுதான் இந்தப் படத்தின் பலம். கள்ளனுக்கும் காவலனுக்கும் நடக்கும் ஓட்டமாக மட்டும் அதைச் சுருக்கிவிடாமல், திருந்தியவனை ஏற்க மறுக்கும் சமூகத்தைப் படம் விடாமல் பிடித்துக்கொண்டது. பின்னாளில் வியட்நாம் வீடு சுந்தரத்தின் நாடகத்திலிருந்து வந்த ‘ஞான ஒளி’யும் (1972) இதே மரத்தின் கிளை. குற்றவாளி அந்தோணி வேறு பெயரில் செல்வந்தனாகத் திரும்புகிறான். போலீஸ் அதிகாரி லாரன்ஸ் அவனுடைய பழைய நண்பன். சட்டத்தையும் நட்பையும் ஒரே ஆளின் நெஞ்சில் மோதவிட்டது யூகோவிடம் இல்லாத திருப்பம். சிவாஜியும் மேஜர் சுந்தரராஜனும் எதிரெதிரே நிற்கும் காட்சிகளின் வலு அங்கிருந்து வருவதே. ஆனால் யூகோவின் 1832 பாரிஸ் கிளர்ச்சியோ, வாட்டர்லூ போர்க்களத்தைப் பற்றிய நீண்ட அத்தியாயங்களோ தமிழ்ப் படத்துக்குள் வர வழியில்லை. உலகில் வந்த பெரும்பாலான ‘லே மிசராப்ல்’ படங்களுக்கும் இதே நிலைதான்.

டால்ஸ்டாய்க்கு நேர்ந்தது சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியது. ‘அன்னா கரீனினா’வைத் தழுவி 1953இல் ‘பணக்காரி’ வந்தது. டி. ஆர். ராஜகுமாரி நாயகி. எம்.ஜி.ஆர். எதிர்மறைச் சாயலுள்ள பாத்திரத்தில் நடித்தார் என்பதற்காகவே இன்று அப்படம் நினைக்கப்படுகிறது. நாவலின் சரிபாதி, அன்னாவைப் பற்றியதே அல்ல. நிலச்சுவான்தார் லெவின் தன் குடியானவர்களோடு சேர்ந்து புல்லறுப்பதும், நிலம் யாருக்குச் சொந்தம் என்று குழம்புவதும் அந்தப் பாதி. படமெடுப்போர் அனைவரும் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். தஞ்சை மிராசுதாரையும் பண்ணையாளையும் அறிந்த ஒரு தமிழ் இயக்குநர் லெவினிலிருந்து தொடங்கினால் டால்ஸ்டாயின் அன்னாவும் புதிதாகத் தெரிவாள்.

1970களுக்குப் பின் ராஜா ராணிக் கதைகள் ஓய்ந்தன. அவற்றோடு இந்த நாவல்களின் வரத்தும் மெலிந்தது. 2000இல் ராஜீவ் மேனன் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ வேறொரு கதவைத் திறந்தது. அதன் மூலம் ஜேன் ஆஸ்டின் 1811இல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’. வசனம் சுஜாதா. ஆஸ்டினின் கதையில் தந்தை இறந்ததும் சொத்து முதல் தாரத்து மகனுக்குப் போக, தாயும் பெண் பிள்ளைகளும் பெரிய வீட்டை விட்டு ஒரு சிறு குடிலுக்குப் போகிறார்கள். பெண்ணுக்குச் சொத்து இல்லையென்றால் காதலும் எப்படிக் கணக்காகிவிடும் என்பதே நாவலின் உள்ளடக்கம். படத்தில் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடும், தாத்தா எழுதிவைத்த பழைய உயிலும் அந்த வேலையைச் செய்கின்றன. வீட்டை இழந்த குடும்பம் சென்னைக்கு வந்து, மூத்தவள் சௌமியா வேலைக்குப் போகிறாள். ஆஸ்டினின் கர்னல் பிராண்டன், அமைதிப்படையில் போய்க் காலை இழந்துவிட்டு வந்த மேஜர் பாலாவாகிறார். கவிதை பேசி ஏமாற்றும் வில்லோபி, சீட்டுக் கம்பெனி யுகத்துக்கேற்ற நிதி நிறுவன முதலாளி ஸ்ரீகாந்த். 1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுக்கடுக்காகக் கவிழ்ந்ததைப் பார்த்த ரசிகர்களுக்கு அவனை அறிமுகப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. பாத்திரங்களின் பெயர், உடை, ஊர் எல்லாம் மாறியும் நாவலின் கணக்கு மாறவில்லை.

மூன்று ஆண்டு கழித்து எஸ். பி. ஜனநாதனின் ‘இயற்கை’ வந்தது. தஸ்தயேவ்ஸ்கி 1848இல் எழுதிய ‘வெண்ணிற இரவுகள்’ என்ற குறுநாவல் அதன் மூலம். பீட்டர்ஸ்பர்க் வீதிகளில் தனியே அலையும் ஒருவன், வருவதாகச் சொல்லிப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைச் சந்தித்துக் காதலிக்கிறான். கடைசியில் போனவன் வந்துவிடுகிறான். ஜனநாதன் அந்தத் தனிமையைக் கடலுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் கொண்டுபோய், காதலனை ஊர் திரும்பிய மாலுமி ஆக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 1950, 2000, 2003 ஆகிய இந்த மூன்று படங்களையும் முன் சொன்ன வரிசையோடு வைத்துப் பார்த்தால் நூலைப் படித்தவர் எடுத்ததற்கும் படத்தைப் பார்த்தவர் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் புலப்படும்.

பிரான்ஸ் தன் துமாவை மீண்டும் கையிலெடுத்திருக்கிறது. ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ 2023இல் இரண்டு பாகங்களாக வந்தது. 2024இல் வந்த ‘மாண்டி கிறிஸ்டோ’ மூன்று மணிநேரப் படம். அந்த நாட்டில் மட்டும் 90 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. பழைய தொடர்கதை பழசாகிவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழிலும் ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) அதே உண்மையைக் காட்டியது. துமாவையும் வால்டர் ஸ்காட்டையும் படித்து வளர்ந்தவர் கல்கி.

தமிழுக்கு இன்னும் வராத அயல் நாவல்களில் இரண்டு முன்வரிசையில் நிற்கும். பால்சாக்கின் ‘தந்தை கொரியோ’ (1835) ஒன்று. சேமியா வியாபாரத்தில் சம்பாதித்ததை எல்லாம் இரு மகள்களுக்கும் கொட்டிக் கொடுத்துப் பெரிய இடத்தில் கட்டிவைத்த தகப்பன், மலிவான விடுதியின் மேல்மாடியில் அநாதையாகச் சாகிறான். தந்தைப் பாசத்தைப் பேசிய தமிழ்ப் படங்கள் எத்தனையோ உண்டு. பாசமும் பணமும் ஒன்றையொன்று தின்பதை பால்சாக் அளவுக்கு இரக்கமின்றிச் சொன்னது எதுவும் இல்லை. மற்றது டிக்கன்ஸின் ‘பிளீக் ஹவுஸ்’ (1852–53). ஓர் உயில் வழக்கு தலைமுறை தலைமுறையாக நடந்து, கடைசியில் சொத்து முழுதும் வழக்குச் செலவுக்கே சரியாகிப்போகிறது. பாகப்பிரிவினை வழக்கில் வாய்தா வாங்கி நடந்த குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

அயலூர்க் கதை ஒருபுறம் இருக்க, இந்திய மொழிகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே பிறந்த நாவல்களின் கதை வேறு. மலையாளத்தில் சி. வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ (1891) மௌனப் படக் காலத்திலேயே, 1933இல், திரைக்கு வந்தது. தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ், இயக்கியவர் பி. வி. ராவ். நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த புத்தக நிறுவனம் வழக்குப் போட, படம் சில காட்சிகளோடு நின்றது. அதன் பிரதி இன்றும் புனே திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. சந்து மேனனின் ‘இந்துலேகா’ (1889) 1967இல் படமானது. உருதுவில் ‘உம்ராவ் ஜான் அதா’ (1899) இருமுறை பெரிய அளவில் படமாகியிருக்கிறது. தமிழின் முதல் நாவல்களிலிருந்து அப்படிப் பேர் சொல்லும் படம் ஒன்றும் இல்லை. துமாவைத் தேடி பாரிஸ் வரை போன கோடம்பாக்கம் மாயவரத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் போகவில்லை.

மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல். இன்றைய அளவுகோலில் அது கட்டுக்கோப்பில்லாத கதை. கிளைக்கதையும் வேடிக்கைத் துணுக்கும் அறிவுரையும் நடுவில் நடுவில் வந்து வழி மறிக்கும். ஆனால் ஞானாம்பாள் என்ற பாத்திரம் தமிழ்த் திரை கண்ட நாயகிகளில் பலரை விட முற்போக்கானவள். கணவனைப் பிரிந்து ஆண் வேடத்தில் புறப்படும் அவள், விக்கிரமபுரி என்ற நாட்டின் அரசனாகவே ஆகிவிடுகிறாள். நீதி வழங்குகிறாள், நிர்வாகத்தைச் சீர்செய்கிறாள், பிறகு பதவியைத் துறக்கிறாள். சாமானியன் ஒருவன் மன்னன் இடத்தில் உட்கார்ந்து சட்டம் போடுவதை 1958இல் புதுமையென்று தமிழ்நாடு கொண்டாடியது. அதற்கு 79 ஆண்டு முன்பே ஒரு பெண்ணை அந்த இடத்தில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டார் முன்சீப். நீதிமன்றத்தில் தமிழருக்குத் தெரியாத மொழியில் வழக்கு நடப்பதை அந்த நாவலில் அவர் சாடியதும் உள்ளிருந்து பார்த்தவரின் சாடல். துணுக்குகளைக் களைந்து ஞானாம்பாளின் ஆட்சியை மட்டும் எடுத்தாலே முழுநீளப் படத்துக்குப் போதும்.

1885இல் கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்திலெவ்வை எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவல். எகிப்தில் பெரிய குடும்பத்தில் பிறந்து, பச்சிளங்குழந்தையாகக் கடத்தப்பட்டு, பம்பாய், கல்கத்தா என்று அலைந்து பிறந்த மண்ணுக்குத் திரும்பும் இளைஞனின் கதை. தமிழில் துமாவின் வேகத்துக்கு அருகில் வந்த முதல் நூல் இதுவே. திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895) மதுரை, தஞ்சை நாயக்கர் பகையைப் பின்னணியாகக் கொண்ட காதல் கதை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்ற இடமும் அதற்குண்டு. இரண்டையும் தமிழ்நாட்டு வாசகர்களே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சினிமா கண்டுகொள்ளாததில் வியப்பில்லை.

முதலில் படமாக வேண்டியது ‘கமலாம்பாள் சரித்திரம்’. வத்தலக்குண்டைச் சேர்ந்த ராஜமையர் தம் 21ஆம் வயதில், 1893இல், ‘விவேக சிந்தாமணி’ இதழில் இதைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1896இல் நூலானது. 1898இல் 26 வயதில் அவர் இறந்தும் போனார். மதுரைப் பக்கத்துச் சிறுகுளம் கிராமம் களம். வசதியான முத்துஸ்வாமி ஐயர், மனைவி கமலாம்பாள், பொறாமையில் வேகும் ஓரகத்தி பொன்னம்மாள், புலமையால் ஊரைச் சிரிக்கவைக்கும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, திருட்டுத் தொழிலில் பேர்போன பேயாண்டித் தேவன் என்று ஒவ்வொருவரும் தம் பேச்சோடு வந்து நிற்கிறார்கள். பெண்கள் கூடி ஊர் வம்பளக்கும் காட்சிகளில் ராஜமையருக்கு அப்படி ஒரு காது. யார் எதில் தொடங்கி எங்கே போய்ச் சேருகிறாள், வாயிலிருந்து வந்த சொல் மறுவீட்டுக்குள் எப்படி உருமாறுகிறது என்பதெல்லாம் உரையாடலிலேயே நடந்துவிடும். திரைக்கதை எழுதுவோருக்கு அங்கே வேலையே மிச்சமில்லை. பிள்ளை காணாமற்போகிறது, சொத்து கரைகிறது, கமலாம்பாளைப் பற்றி ஓர் அபவாதம் கிளம்புகிறது. அதை நம்பிய கணவர் வீட்டை விட்டுப் போய்விடுகிறார். பிற்பகுதியில் கதை வேதாந்தத்துக்குள் இறங்கிவிடுவதை விமர்சகர்கள் நெடுங்காலமாகக் குறையாகச் சொல்லிவருகிறார்கள். குறை உண்மைதான். ஆனால் ஒரு வதந்தி ஒரு குடும்பத்தைச் சாய்ப்பதைப் பற்றிய முற்பகுதி, கையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் இன்றைய ஊர்த் திண்ணைக்கும் அப்படியே செல்லும்.

ராஜமையர் பிறந்த அதே 1872இல் பிறந்தவர் அ. மாதவையா. அவருடைய ‘பத்மாவதி சரித்திர’த்தின் முதல் பாகம் 1898இல் வந்தது. திருநெல்வேலிச் சீமைப் பையன்கள் படிப்புக்காகச் சென்னை வருவதும், பால்ய மணமும், படித்த கணவன் மனத்தில் மனைவியைப் பற்றி எழும் சந்தேகமும் அதன் பொருள். இதற்கு இரண்டரை மணிநேரம் போதாது. எட்டோ பத்தோ பகுதிகள் கொண்ட தொடராக எடுப்பதே பொருத்தம். மூலமே தொடர்களின் காலத்தில் பிறந்ததுதானே.

காலம் கடந்த உடை, வீடு, பேச்சு வழக்கு ஆகியவற்றை உருவாக்குவதில் செலவு உண்டு. கதைக்கான செலவு அறவே இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். 1889இல் மறைந்த வேதநாயகம் பிள்ளை, 1898இல் மறைந்த ராஜமையர், சித்திலெவ்வை, 1925இல் மறைந்த மாதவையா ஆகிய நால்வரின் நூல்களும் பொதுச் சொத்தாகிப் பல காலமாகிறது. படமெடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.